வெள்ளாடு மேய்ந்த புதர்க்காட்டைப் படிப்பது எப்படி?

சளி, இருமலுக்குக் கஷாயம் வைக்கிற ஆடாதொடையை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆடு தொடா இலை என்பதுதான் ஆடாதொடை ஆனது என்பார்கள். கரிசல் நிலத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும் இன்னொரு மூலிகைக்கு ஆடுதின்னாப்பாளை என்றே பெயர். ஆடு தின்னும் செடிகளுக்குப் பட்டியல் போடக் கிளம்பினால் மாளாது, தின்னாததைக் குறித்துவைத்தால் போதும் என்று நம் ஆட்கள் நினைத்திருக்க வேண்டும்.

காட்டுக்குள் ஆடு மேய்ந்தால் புதர்ச்செடிகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியையும் இந்தப் பக்கத்திலிருந்து அணுகுவதுதான் சுலபம். ஆடு எதைத் தின்றது என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். எதை விட்டுவைத்தது, அந்த மிச்சத்திலிருந்து அடுத்து என்ன முளைக்கிறது என்று பார்த்தால் மீதியும் புரிந்துவிடும்.

இங்கே நான் பேசுவது பெரும்பாலும் நம் ஊர் முட்புதர்க்காட்டைப் பற்றி. திண்டுக்கல், கரூர், மதுரை பக்கம் கரடுகளின் சரிவிலும் அடிவாரத்திலும் இருக்கிறதே, அந்தக் காடு. ஓங்கி வளர்ந்த மரம் குறைவு. சூரை, காரை, இலந்தை, கிளுவை, ஆவாரை, விராலி, நடுநடுவே உசிலையும் வெள்வேலும். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற முள்ளுக்காடு. ஆட்டுக்கு அது கல்யாண வீட்டுப் பந்தி.

நிமிர்ந்து மேயும் ஆடு

முதலில் எந்த ஆடு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். செம்மறி குனிந்து மேயும், அதற்குப் புல் போதும். வெள்ளாடு நிமிர்ந்து மேயும், அதற்கு இலை தழை வேண்டும். (வெள்ளாடு என்றால் வெள்ளையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். சேலம் கருப்பு என்ற இனம் உடம்பு முழுக்கக் கருப்பு, அதுவும் வெள்ளாடுதான்.) 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. தழையைத் தேடும் வாய்கள் புல்லைத் தேடும் வாய்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஒரு சூரைப் புதர் முன்னால் வெள்ளாடு நிற்பதை ஐந்து நிமிடம் பக்கத்திலிருந்து பாருங்கள். சூரை முள் கொக்கி மாதிரி வளைந்தது. வேட்டி மாட்டினால் கிழிந்துதான் திரும்பும். ஆடு அவசரப்படுவதில்லை. மெல்லிசான மேலுதடு, விரல் துழாவுகிற மாதிரி, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே நுழைகிறது. மேல்தாடையில் அதற்கு முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ்ப்பல்லுக்கும் அந்த ஈறுக்கும் நடுவில் இலையைக் கவ்வி, தலையை வெடுக்கென்று ஓர் இழுப்பு. கொழுந்து போயிற்று. நாலைந்து வாய் தின்றதும் பக்கத்துச் செடிக்கு நகர்கிறது. அங்கே முன்னங்காலைத் தூக்கிக் கிளையில் ஊன்றி, பின்னங்காலில் நின்று, ஆள் உயரத்துக்கு எட்டிக் கடிக்கிறது. மாட்டுக்கும் செம்மறிக்கும் எட்டாத இடமெல்லாம் இதற்கு எட்டும்.

ஒரே செடியில் நின்று தின்னாமல் செடிக்குச் செடி தாவுவது வெறும் துறுதுறுப்பு இல்லை. புதர்ச்செடிகள் ஓடி ஒளிய முடியாது. அதனால் முள்ளையும் துவர்ப்பையும் கசப்பையும் நஞ்சையும் வைத்துத் தற்காத்துக்கொள்கின்றன. ஒரே செடியை வயிறு முட்டத் தின்றால் அதன் நஞ்சு ஒட்டுமொத்தமாக உள்ளே போய்விடும். பத்துச் செடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் எதுவும் அளவு மீறாது. அதற்குமேல் வருவதை இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் நாம் சொல்லும் மரத்தின் தழையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்தத் தழையைத் தின்ற கால்நடைகளுக்கு முடி கொட்டியது, உடம்பு இளைத்தது. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே தின்றுவிட்டு ஜாலியாகத் திரிந்தன. காரணம் ஆட்டின் உடம்பில் இல்லை, அதன் வயிற்றில் குடியிருந்த ஒரு பாக்டீரியாவில் இருந்தது. 1980களில் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் சேர்த்த பிறகு அங்கேயும் பிரச்சினை தீர்ந்தது.

25 கிலோ எடையுள்ள ஓர் ஆடு நாளுக்கு மூன்று கிலோ பச்சைத்தழை தின்னும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆடு உள்ள ஒரு மந்தைக்கு நாளுக்கு 150 கிலோ, வருஷத்துக்கு 55 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாமே காட்டிலிருந்து வரும் என்று இல்லை, ஆனாலும் கணக்கு எங்கே போகிறது என்று புரியும்.

நுனியில் இருக்கிறது சூட்சுமம்

அரைகுறையாகப் படிப்பவரை நுனிப்புல் மேய்கிறார் என்று கிண்டல் செய்வோம். புல்லைப் பொறுத்தவரை அந்தக் கிண்டல் சரிதான். புல் வளரும் குருத்து மண்ணை ஒட்டி, அடியில் இருக்கிறது. நுனியைக் கடித்தால் அதற்கு முடிவெட்டிக்கொண்ட மாதிரி, நாலு நாளில் வளர்ந்துவிடும். புதர்ச்செடிக்கு விஷயம் தலைகீழ். அதன் வளரும் இடம் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இருக்கும் மொட்டு. வெள்ளாட்டுக்குப் பிடித்ததும் அதேதான், இளசாக, துவர்ப்புக் குறைவாக இருக்கும் கொழுந்து. ஆடு கடித்த செடி உருப்படாது, அதன் எச்சிலில் விஷம் என்று ஊரில் சொல்வார்கள். எச்சிலைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நுனியைக் கிள்ளிவிட்டால் போதும், செடி மேலே போகும் வழி அடைபட்டுவிடும்.

அடைபட்டால் செடி செத்துவிடாது. நுனிமொட்டு இருக்கும்வரை அது பக்கத்து மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அடங்கிக் கிடந்த மொட்டுகள் எல்லாம் முளைக்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று நான்கு. மறுநாள் ஆடு அவற்றின் நுனியையும் கிள்ளும். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தால் இலந்தையோ காரையோ ஆள் உயரத்துக்கு வளர வேண்டியது, முழங்கால் உயரத்தில், கத்தரித்துவிட்ட பூங்காச்செடி போலக் குண்டாக, கெட்டியாக நிற்கும். குட்டிச்செடி என்று நினைத்து அடித்தண்டைப் பார்த்தால் கட்டைவிரல் மொத்தம் இருக்கும். சின்ன உடம்பில் பெரிய வயசு.

இதில் செடிக்கு ஒரு தப்பிக்கும் வழியும் உண்டு. உயரமாக விடவில்லை என்றால் அகலமாகப் போகும். வருஷா வருஷம் சுற்றளவு கூடி, ஒரு கட்டத்தில் நடுவில் இருக்கும் கிளைக்கு ஆட்டின் வாய் எட்டாது. சுற்றிலும் அதன் முட்கிளைகளே வேலி. அப்போது நடுவிலிருந்து ஒரு கிளை மட்டும் குபுகுபுவென்று மேலே கிளம்பும். கீழே குண்டான மெத்தை, மேலே குடை விரித்த தலை என்று விநோதமான உருவத்தில் ஒரு மரத்தைப் பார்த்தால், அது பல வருஷம் ஆட்டோடு மல்லுக்கட்டி ஜெயித்த மரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எட்டிய உயரத்துக்கு மேலே தழை, கீழே ஒன்றும் இல்லை என்ற நிலை பரவலாக இருந்தால், காடு முழுக்க ஒரே மட்டத்தில் கோடு கிழித்த மாதிரி தெரியும். மரங்களுக்கு யாரோ அரைக்கால் சட்டை போட்டுவிட்டது போல. இதை மேய்ச்சல் கோடு என்று சொல்லலாம். அதைப் பார்த்தாலே எத்தனை வாய் வந்துபோகிறது என்று ஒரு குத்துமதிப்புக் கிடைத்துவிடும்.

கிழவர்கள் மட்டும் இருக்கும் ஊர்

செடி குட்டையாவது கண்ணுக்குத் தெரியும் விளைவு. பெரிய விளைவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அது வாரிசு இல்லாமல் போவது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டில் விதைகள் முளைக்கும். வெள்வேலோ உசிலையோ இரண்டு இலை விட்ட கன்றாக நிற்கும்போது, ஆட்டுக்கு அது ஒரே வாய். நுனியைக் கிள்ளினால் பக்கத்திலிருந்து துளிர்க்க அதற்குச் சேமிப்பும் இல்லை, வேரும் ஆழமாக இறங்கியிருக்காது. வளர்ந்த மரத்தை ஆடு கொல்லாது. கன்றை மட்டும் தின்னும். அதனால் பத்து, இருபது வருஷம் காடு அப்படியே இருப்பது போலத் தோன்றும். பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட கிராமம் மாதிரி, திண்ணையில் பெரியவர்கள் இருப்பார்கள், தெருவில் ஒரு குழந்தை இருக்காது. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போதுதான் வீடு பூட்டிக் கிடப்பது உறைக்கும்.

காலியான இடம் காலியாகவே இருக்காது. ஆடு தொடாதது அங்கே வந்து உட்காரும். விராலி, ஆவாரை, எருக்கு ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆடு ஒதுக்கிவிடும். உன்னிச்செடியின் தழை கால்நடையின் கல்லீரலைக் கெடுக்கும். பசி முற்றினால் தவிர ஆடு அதன் பக்கம் போகாது. மலை அடிவாரத்தில் நடந்து போகும்போது உன்னியும் விராலியுமாகவே இருந்து, உசிலைக் கன்றோ இலந்தைக் கன்றோ கண்ணில் படவே இல்லை என்றால், அங்கே எந்த ருசிக்கு நாக்கு பழகியது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பச்சையாகத்தான் இருக்கும். படம் எடுத்தால் அழகாகக்கூட இருக்கும். ஆனால் அது ஆடு வேண்டாம் என்று தள்ளியவற்றின் கூட்டம். பச்சை தெரிந்தால் காடு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

விதை விதைக்கும் வாயும் அதுவே

இவ்வளவும் கேட்டால் ஆடு காட்டுக்கு எமன் என்று தோன்றும். ஆட்டுப்பட்டியைக் கூட்டிப் பார்த்தால் வேறு விஷயம் கிடைக்கும். கோடையில் தழை காய்ந்த பிறகு ஆடு வெள்வேல் நெற்றையும் கருவேல் நெற்றையும்தான் நம்பி இருக்கும். ராத்திரி பட்டியில் படுத்து அசைபோடும்போது கெட்டியான விதைகளைத் துப்பிவிடும், சில விதைகள் புழுக்கையோடு வெளியே வரும். வேல விதையின் ஓடு தடிப்பு. சும்மா மண்ணில் போட்டால் லேசில் முளைக்காது. ஆட்டின் வயிற்றில் ஊறி வந்த விதையில் ஓடு இளகியிருக்கும், தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால்தான் கருவேல் நாற்றுப் போடுகிறவர்கள் பட்டியில் பொறுக்கிய விதையைத் தேடி வாங்குவார்கள்.

ஆனால் இந்த உதவிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. சீமைக்கருவேல நெற்று இனிப்பு, ஆடு ஆசையாகத் தின்னும். தழையோ அதற்குப் பிடிக்காது. யோசித்துப் பாருங்கள்: விதையைச் சுமந்துபோய் எருவோடு போடுகிறது, முளைத்து வரும் கன்றைத் தொடாமல் விடுகிறது, பக்கத்தில் போட்டிக்கு நிற்கும் நாட்டுக் கன்றைத் தின்றுவிடுகிறது. சீமைக்கருவேலம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தாலும் இவ்வளவு விசுவாசமாக வேலை நடந்திருக்காது.

எருவிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம் என்பார்கள். ஆட்டுப் புழுக்கையின் சத்து சீக்கிரம் மண்ணுக்குச் சேரும். ஆனால் பகல் முழுக்கக் காட்டில் தின்ற ஆடு ராத்திரி கிடை போடுவது வயலில், அல்லது பட்டியில். காட்டுச் செடி வேர்விட்டு உறிஞ்சிய சத்து வயலுக்குப் போகிறது. வயல்காரருக்கு லாபம், காட்டுக்கு ஒவ்வொரு நாளும் சின்ன நஷ்டம். தினமும் ஒரே வழியில் போய்வரும் குளம்புகள் மண்ணை இறுக்குவதும், சரிவில் அந்தத் தடமே மழைநீருக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போவதும் இதோடு சேர்த்தி.

முள் தெரியாத தீவுகள்

ஆட்டால் காடு அழிந்த கதை என்று உலகம் எடுத்துச் சொல்லும் உதாரணங்கள் பெரும்பாலும் தீவுகள். அட்லாண்டிக் கடல் நடுவே செயின்ட் ஹெலினா தீவில் போர்த்துகீசியர்கள் 1513-இல் ஆடுகளை இறக்கிவிட்டார்கள், வழியில் போகும் கப்பலுக்குக் கறி கிடைக்கட்டும் என்று. அதற்குமுன் குளம்புள்ள விலங்கையே பார்க்காத தீவு அது. அங்கே மட்டும் இருந்த குட்டை எபனி என்ற புதர்ச்செடி அடியோடு அழிந்துவிட்டது என்றே எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். 1980-இல் ஒரு செங்குத்துப் பாறையில் இரண்டே இரண்டு புதர்கள் உயிரோடு கிடைத்தன. ஆட்டுக் கால்கூட எட்டாத இடம். இன்றைக்குத் தீவில் நட்டு வளர்க்கும் எபனிச் செடிகளெல்லாம் அந்த இரண்டின் குச்சியிலிருந்து வந்தவை.

பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் பின்டா என்ற சின்னத் தீவில் 1959-இல் மூன்று ஆடுகள் விடப்பட்டன. எழுபதுகளின் தொடக்கத்திலேயே அவை பல்லாயிரமாகப் பெருகிவிட்டன. 2003-இல் கடைசி ஆட்டையும் அப்புறப்படுத்திய பிறகு செடிகள் திரும்பி வந்தன. வந்தது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. முன்பு அங்கே புதரை மிதித்தும் தின்றும் இடைவெளி உண்டாக்கிய ராட்சத ஆமைகள் அதற்குள் அற்றுப்போயிருந்தன. 2010-இல் வேறு இடத்தில் வளர்ந்த 39 ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மேயும் வாய் அதிகமானாலும் சிக்கல், அறவே இல்லாமல் போனாலும் சிக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தத் தீவுக் கதையை அப்படியே தூக்கி நம் கரட்டில் ஒட்ட முடியாது. நம் முட்காடு மானும் இரலையும் மேய்ந்து மேய்ந்து உருவான காடு. சூரைக்குக் கொக்கி முள்ளும் காரைக்குக் குத்து முள்ளும் அலங்காரத்துக்கு வந்ததல்ல. முள் ஆட்டைத் தடுக்காது, ஆனால் வேகத்தைக் குறைக்கும். ஒரு நிமிடத்தில் இருபது வாய் தின்ன வேண்டியது பத்து வாயோடு நின்றால், செடிக்கு அதுவே பெரிய லாபம். தவிர, முள்புதருக்கு ஒரு தாய்க் குணமும் உண்டு. அதன் நடுவில் விழுந்த விதை, வேம்போ வாகையோ, முளைத்தால் சுற்றியுள்ள முள் அதைக் காக்கும், நிழலும் கொடுக்கும். மேய்ச்சல் நிலத்தில் தனியாக நிற்கும் பெரிய மரங்களின் அடியில் குனிந்து பாருங்கள், பலவற்றின் தூரில் பழைய முள்புதர் ஒன்றின் மிச்சம் இருக்கும்.

எத்தனை, எப்போது, எவ்வளவு நேரம்

ஆகவே ஆடு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் வராது. எத்தனை ஆடு, எந்த மாதத்தில், ஒரே இடத்தில் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். மழை முடிந்து கன்றுகள் இரண்டு இலையில் நிற்கும் இரண்டு மூன்று மாதம் மந்தை வேறு பக்கம் போனால், பாதிக் காரியம் முடிந்தது. நெற்று உதிரும் கோடையில் அதே மந்தை வந்தால் கெடுதல் குறைவு, சருகையும் காய்ந்த புல்லையும் தின்று தீப்பிடிக்கும் வாய்ப்பையும் குறைத்துவிடும். கலிபோர்னியாவில் காட்டுத்தீக்குத் தீனியாகும் புதரைக் குறைக்க ஆட்டு மந்தைகளையே காசு கொடுத்து வாடகைக்கு அழைக்கிறார்கள். நம் ஊர் ஆட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார், இங்கே காட்டுக்குள் போனதற்கு அவர்தான் அபராதம் கட்டுகிறார்.

ஆட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைப்பதும் தப்பு. இடையன் வெட்டு அறாவெட்டு என்று ஒரு பழமொழி. எட்டாத கிளையை ஆட்டுக்காக வெட்டும்போது முழுசாகத் துண்டாக்க மாட்டார். ஒரு பக்கப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி வளைத்துவிடுவார். கிளை தாழ்ந்து ஆட்டுக்கு எட்டும், ஒட்டிய பட்டை வழியே சாறு ஏறி அது மறுபடி தழைக்கும். வேலையை அரைகுறையாக விடுவதற்கு உவமையாக அந்தப் பழமொழியைச் சொல்கிறார்கள். எனக்கு அது உலகத்திலேயே புத்திசாலித்தனமான அரைகுறை வேலையாகத் தெரிகிறது.

காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்தையும் சொல்ல வேண்டும். கிளுவையால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல். வேலிக்குள் மாற்றி மாற்றி மாட்டையும் செம்மறியையும் மேயவிட்டு, இடையில் நிலத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். அங்கே நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், நாளை பற்றிய கவலை அவருக்கு இருக்கிறது. ஊர்ப் பொதுக்காட்டில் நான் ஓய்வு கொடுத்தால் அடுத்தவர் மந்தை வந்து தின்றுவிடும்.

சட்டம் இதைத் தடை என்ற ஒரே சொல்லில் தீர்க்கப் பார்க்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் வனப்பகுதி எதிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்றது. மேய்ச்சல்காரர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. பிறகு நீதிமன்றமே தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற எல்லைக்குள் சுருக்கியது. மறுபக்கம் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. புலி நடமாடும் காட்டையும் ஊர் ஓரத்துக் கரட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் எண்ணம்.

உங்கள் ஊர்க் கரட்டில் எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், செலவு அதிகம் ஆகாத ஒரு சோதனை இருக்கிறது. விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். சாதாரணமாக ஆடு மேயும் இடத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, பத்தடிக்குப் பத்தடி முள் அடைத்து வேலி போடுங்கள். பக்கத்திலேயே அதே அளவு இடத்துக்கு நாலு மூலையிலும் கல் நட்டு, வேலி இல்லாமல் விடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் போட்டுவிட்டு தை மாதம் போய்ப் பாருங்கள். இரண்டிலும் எத்தனை கன்று, என்னென்ன கன்று என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தையிலும் எண்ணுங்கள். உள்ளே உசிலையும் இலந்தையும் முழங்காலைத் தாண்டியிருக்க, வெளியே விராலி மட்டும் நின்றால், மந்தை அளவுக்கு மீறி வருகிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், அங்கே காட்டைக் கெடுப்பது ஆடு இல்லை, வறட்சியோ தீயோ விறகுவெட்டோ வேறு ஏதோ. வேலியை மட்டும் கிளுவைக் குச்சியால் போட்டுவிடாதீர்கள். துளிர்த்ததும் முதல் வேலையாக ஆடு அதைத்தான் தின்னும்.